பெட்டிக்குள் போன எஞ்சின்

பேசிக்கொண்டிருக்கும்போதே கோவிந்தம்மா சட்டென்று கையைத் தூக்குவாள். எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கடல் பக்கம் காதைக் கொடுத்து, "சரவணன் போட்டு வருது" என்பாள். பிறகு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வாள். லைட்ஹவுஸ் குப்பத்துப் பெண்களுக்கு அவரவர் வீட்டு எஞ்சின் சத்தம் தெரியும். இவளுக்கு ஊரில் ஓடும் அத்தனையும் தெரியும்.

புருஷன் சிங்காரத்தின் எஞ்சினைக் கண்டுபிடிக்கப் பெரிய காதெல்லாம் வேண்டாம். முகத்துவாரத்து மணல் திட்டில் ஒருமுறை மோதியதிலிருந்து அது மூன்று தட்டு தட்டிவிட்டு ஒரு தட்டை விழுங்கும். அந்தச் சத்தம் வந்ததும் அடுப்பை அணைப்பாள், கூடையைத் தூக்குவாள், கரைக்கு நடப்பாள். அவள் போய்ச் சேரவும் படகு மணலில் ஏறவும் சரியாக இருக்கும்.

அந்தக் காதுக்கு வேட்டு வைக்கவென்றே பக்கத்து ஐஸ் கிடங்குக்குக் குடிவந்தான் முகம்மது ரியாஸ். பழவேற்காட்டுப் பையன்; சென்னையில் ஒலிப்பதிவு வேலை. காலிக் கிடங்கில் ஒரு பழைய சாம்பிளரைக் கொண்டுவந்து இறக்கினான். அவன் பிறப்பதற்கு முந்தைய பெட்டி அது. எந்தச் சத்தத்தைக் காட்டினாலும் சில நொடிகள் பிடித்து வைத்துக்கொள்ளும். கட்டையை அழுத்தினால் அதையே திருப்பித் திருப்பிக் கக்கும். ஐஸ் உடைக்கிற மெஷின், தகரக் கதவு, நங்கூரச் சங்கிலி எல்லாம் உள்ளே போயின. இவற்றை அடுக்கி ஓர் ஆல்பம் போடப்போகிறானாம்.

"இன்னா தம்பி, எத்த போட்டு ஒடைக்கிற?"

"பாட்டுக்கா. மெஷின் சத்தத்தாலயே பாட்டு."

"பாட்டுன்னா யார்னா பாட வாணாமா?"

அவன் பொறுமையாக விளக்கினான். அவள் தலையை ஆட்டினாள். ஒரு எழவும் புரியவில்லை. ஆனாலும் பிள்ளை நல்ல பிள்ளை என்று இறால் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தாள். சிங்காரமும் தன் பங்குக்குப் பெருமையோடு எஞ்சினைக் கிளப்பிக் காட்டினான். அதுவும் பெட்டிக்குள் போனது.

மறுநாளே அந்த மூன்று தட்டுச் சத்தம் கேட்டுக் கூடையோடு ஓடினாள். கரையில் படகும் இல்லை, ஆளும் இல்லை. வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஜமுனா, "இன்னாக்கா, மீனு நடந்து வருதா?" என்று மானத்தை வாங்கினாள். கோவிந்தம்மா நேரே கிடங்குக்குப் போய் ரியாஸை ஒரு பிடி பிடித்தாள். பாவம், ஆடிப்போய்விட்டான். படகுகள் கடலில் இருக்கும்வரை அந்தக் கட்டையைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தான். அதைக் காப்பாற்றவும் செய்தான்.

ஆனால் அவளுக்குத் தன் காதின்மேல் நம்பிக்கை போய்விட்டது. அடுத்த வாரம் அதே சத்தம் வந்தபோது, பெட்டிதான் என்று வெங்காயம் உரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பெட்டியில்லை. கரையில் காத்துப் பார்த்துவிட்டுச் சிங்காரம் மீனைத் தானே சுமந்துகொண்டு வந்தான்.

"இன்னாமே, என் சத்தம் கூடவா மறந்து பூட்ச்சி?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதிலிருந்து மிக்ஸி ஓடினாலும் திடுக்கிட்டாள். எது கடல், எது கிடங்கு என்று தலை சுற்றியது. பேச்சின் நடுவே கையைத் தூக்குவதையே விட்டுவிட்டாள்.

நேற்றுக் காலை காற்று திடீரென்று மாறியது. கடலுக்குப் போன படகுகள் அடித்துப்பிடித்துத் திரும்பின. சிங்காரத்தின் படகு மட்டும் வரவில்லை. "அல ரொம்ப எகிறுதுக்கா, தாண்டி வரணும்" என்று சரவணன் வேறு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். கோவிந்தம்மா கரையில் நிற்கமுடியாமல் வீட்டுக்கு வந்தாள். வீட்டில் இருக்கமுடியாமல் வாசலுக்கு வந்தாள். அப்போது கேட்டது. மூன்று தட்டு, ஒரு விழுங்கல்.

கரைக்குப் போகாமல் கிடங்குக்குள் ஓடினாள். ரியாஸ் பதறி எழுந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். "நான் தொடவே இல்லக்கா, அம்மா மேல ஆணையா..."

அவள் அவனைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரின்மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். அது அதிரவில்லை. வெளியே மறுபடி மூன்று தட்டு, ஒரு விழுங்கல். ரியாஸ் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான்.

கோவிந்தம்மா சட்டென்று மறு கையைத் தூக்கினாள்.