ரெண்டு வாரம் கழித்து வரச்சொன்ன ஸ்கேன்

நாங்கள் தாராவியில் இருக்கிறோம். முதல் கர்ப்பத்தில், ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் தொடை எலும்பு குட்டையாக இருப்பதாகச் சொன்ன டாக்டர், இரண்டு வாரத்தில் மறுபடி வரச் சொன்னார்.

"ஏளா, நம்ம வீட்டுல எல்லாருமே குட்டைதான? அதுக்கு எதுக்கு இன்னொரு ஸ்கேன்?" என்று மாமியார் சிரித்தார். நானும் சிரித்தேன். போகவில்லை.

ஏழாம் மாதம் வயிறு அளவுக்கு மீறிப் பெருத்த பிறகுதான் ஓடினோம். ஸ்கேனில் குழந்தையின் எலும்புகள் வளைந்து, நெஞ்சுக்கூடு சிறுத்துப் போயிருந்தது. பிறந்த மகள் ஒரு மணி நேரம்கூட இருக்கவில்லை. முன்பே வந்திருந்தாலும் அவளைக் காப்பாற்றியிருக்க முடியாதாம். ஆனால் இப்படித் திகைத்து நின்றிருக்க மாட்டோம்.

இப்போது மறுபடியும் ஐந்தாம் மாதம். நேற்று மாமியார், "எல்லாம் நல்லாத்தான் இருக்கும், வெயில்ல எதுக்கு அலையுத?" என்றார்.

"அதை டாக்டர் அளந்து சொல்லட்டும் அத்தை" என்று செருப்பை மாட்டினேன்.

எலும்பு வளர்ச்சி சரியாக இருக்கிறதாம். ஆனாலும் அடுத்த ஸ்கேனுக்குத் தேதி வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன்.