கடல் பக்கத்து அறை

அத்தையை ஊரில் எல்லாரும் ஐஸ்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மீன் இறங்கும் கொட்டகையில் இருபத்திரண்டு வருடம் ஐஸ் உடைத்து, அள்ளி, பெட்டி பெட்டியாக மீன்மேல் கொட்டியவள். ஊரே வியர்த்து வழியும்போது அவள் மட்டும் கம்பளிச் சட்டை போட்டிருப்பாள். "எனக்கு வருஷம் பூரா குளிர்காலம்தான்" என்பாள். சென்ற வருடம் அவள் வலது கையில் இரண்டு விரல்கள் மரத்துப்போயின. கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்டாலும் தெரியவில்லை. இனியும் ஐஸில் கைவைத்தால் மற்ற விரல்களும் போய்விடும் என்றார் டாக்டர்.

அதன் பிறகுதான், வலை போட்டுவைக்கும் அறையைக் காலி செய்து, விடுமுறைக்குக் கடற்கரை பார்க்க வருகிறவர்களுக்கு விடுவது என்று முடிவெடுத்தாள். வெள்ளையடித்து இரண்டு கட்டில் போட்டாள். கொட்டகை மேஸ்திரி, மாதக் கடைசிவரை அவள் இடத்துக்கு வேறு ஆள் போடமாட்டேன், அதற்குள் சொல்லிவிடு என்றிருந்தார். வருகிறவர்களுக்கு அறை பிடித்து, நாலு பேரிடம் சொன்னால் அவள் பிழைத்தாள். இல்லையென்றால் மறுபடி ஐஸ்தான்.

விளம்பரத்தை இன்னொரு மொழியிலும் எழுதித் தரச்சொல்லி எனக்கு ஃபோன் செய்தாள். "கடல் பக்கத்துல இருக்குற ரூம்னு போடு." நான் அந்த மொழியில் 'கடலைப் பார்த்த அறை' என்று எழுதிவிட்டேன். இந்த மாதிரி விளம்பரங்களில் எல்லாரும் எழுதுவது அதுதான். கை தானாக எழுதிவிட்டது.

எங்கள் ஊரில் எந்த வீட்டுக்கும் கடல் பக்கம் ஜன்னல் கிடையாது. உப்புக்காற்று கீல்களைத் தின்றுவிடும், மணல் படுக்கையில் வந்து படியும். தெருவைப் பார்த்தபடி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் வீடுகள் நிற்கும்.

முதலில் வந்தவர்கள் ஒரு டீச்சரும் அவர் கணவரும். நாலு நாள் தங்குவதாக ஏற்பாடு. நானும் லீவில் வந்திருந்தேன். அதற்கு முந்தைய வாரம் பூரா அத்தை வாசலைச் சீர் செய்தாள். தெருப்பக்கம் கிடந்த உடைந்த பெட்டி, கிழிந்த வலை, கோழிக்கூடு, ஓட்டை வாளி எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய் யார் கண்ணிலும் படாத இடத்தில் போட்டாள். அதாவது, வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில்.

டீச்சர் அறைக்குள் வந்து நான்கு சுவர்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"கடல் எங்கம்மா?"

"இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். காத வெச்சீங்கன்னா நல்லாவே கேக்கும்" என்றாள் அத்தை பெருமையாக.

கணவர் விளம்பரத்தை எடுத்துக் காட்டினார். அத்தைக்கு அந்த மொழி படிக்கத் தெரியாது. என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். இன்று இருந்துவிட்டு நாளைக் காலை கிளம்புகிறோம் என்று அவர்கள் மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

நான் செய்த தப்பைச் சொன்னபோது அத்தை திட்டவில்லை. நேராக மாமாவிடம் போனாள். மாமா படகோட்டி. பழைய சுவரைப் புயல் கொண்டுபோன பிறகு, இரண்டு செங்கல் கனத்தில் கடல்பக்கச் சுவரைக் கட்டியவரே அவர்தான். அதில் ஜன்னல் வைக்கச் சொன்னதும் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவைத்தார்.

"விடிஞ்சதுலேர்ந்து அது மூஞ்சியத்தான் பாத்துட்டு வரேன். வீட்டுக்கு வந்தும் அதையே பாக்கணுமா?"

"உங்கள யாரு பாக்கச் சொன்னா? வர்றவங்க பாப்பாங்க."

"அவசரத்துல உடைச்சா மழைக்குக் கட்டில் மிதக்கும். அப்புறம் துடுப்பும் சேத்துக் குடுக்கணும்."

அன்று மாலை முழுக்க அத்தை, மரத்த விரல்களை மறு கையால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலையில் விருந்தாளிகளின் பெட்டிகள் வாசலில் இருந்தன, ஆட்களைக் காணோம். சமையலறையில், கழுவுநீர் கொட்டுவதற்கான சின்னக் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்த அத்தை தலையில் கைவைத்துக்கொண்டாள். குப்பைக்கு நடுவே, கவிழ்ந்த மீன்பெட்டிமேல் டீச்சர் உட்கார்ந்திருந்தார். கணவர் கோழிக்கூட்டில் சாய்ந்து நின்றார். எதிரே தடுப்பே இல்லாமல் கடல். படகுகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்துகொண்டிருந்தன.

"அங்க உக்காராதீங்கம்மா, அது பின்பக்கம்."

டீச்சர் திரும்பாமலே கேட்டார். "இவ்வளவு நல்ல இடத்த எதுக்கும்மா ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

அத்தையும் அந்தக் கதவைத் தாண்டி வெளியே வந்து கடலைப் பார்த்தாள். பிறகு, நான் அவளிடம் கேட்டேயிராத மெல்லிய குரலில் சொன்னாள்.

"இந்தக் குப்பையெல்லாம் எடுத்துடுறேன். இருப்பீங்களா?"

"இருக்கோம். கோழி மட்டும் இங்கயே இருக்கட்டும்" என்றார் கணவர்.

கரையேறி வந்த மாமா எல்லாவற்றையும் பார்த்தார். ஈரக்காலோடு ஓட்டை வாளியையும் கிழிந்த வலையையும் தூக்கி அப்பால் போட்டுவிட்டு, நாலு கழி நட்டு, நிழலுக்குத் தார்ப்பாய் கட்டினார். சுவரைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோ என்னவோ, கட்டில்களையும் அவரே வெளியே கொண்டுவந்து போட்டார். டீச்சர் நாலு நாளும் அங்கேயேதான் இருந்தார். போகும்போது, பெரிய லீவுக்குத் தங்கை குடும்பத்தோடு வருவதாகச் சொல்லி அறையைப் பிடித்து வைத்துவிட்டுப் போனார்.

மாதக் கடைசியில் அத்தையோடு கொட்டகைக்கு நானும் போனேன். நல்லா யோசிச்சுக்கோ, அப்புறம் வந்து கேட்டால் இடம் இருக்காது என்றார் மேஸ்திரி.

"யோசிச்சாச்சு. வேற ஆள் போட்டுக்குங்க" என்றாள் அத்தை. இரண்டடி நடந்தவள் நின்று திரும்பினாள். "ஆனா வர்றவளுக்கு மொதல்ல ஒரு ஜோடி கையுறை வாங்கிக் குடுத்துட்டு, அப்புறம் ஐஸ அள்ளச் சொல்லுங்க."