இலவசமாகப் போன மாவிளக்கு

அக்காவின் பித்தளைத் தூக்குச்சட்டி திறந்து கிடந்தது. அதன் முன்னால் ஒரு அட்டை: "அந்தக்காலத் தின்பண்டம். எல்லாருக்கும் இலவசம்." பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக நின்ற ஒருவர் உள்ளே கையை விட்டு அள்ளித் தின்று, விரலை நக்கிக்கொண்டே "பிரமாதம்" என்றார். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருச்செந்தூருக்குப் பக்கத்துக் கடற்கரை. அவர் தின்றது முருகனுக்கு ஏற்ற வேண்டிய மாவிளக்கு மாவு.

விழாவை நடத்தினது என் அத்தான், அக்காவின் வீட்டுக்காரர். பாளையங்கோட்டையில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதும் பழைய காலத்தின் மேல் அவருக்குத் திடீர்ப் பாசம் வந்துவிட்டது. ஒரு சங்கம் சேர்த்து, கடற்கரையில் ஒரு நாள் முழுக்க அந்தக்காலம் மாதிரியே இருந்து காட்டப்போகிறோம், யாரும் வரலாம், காசு கிடையாது என்று தட்டி கட்டினார்கள். மாட்டுவண்டி, குழல் வைத்த பாட்டுப்பெட்டி, பட்டப்பகலில் எரிகிற அரிக்கேன் விளக்கு. பதநீரை ஒரு வாய் குடித்து, மீதியை மணலில் ஊற்றிவிட்டு, வேனுக்குப் பின்னால் ஒளிந்து நின்று காப்பி குடித்தவர்களை என் கண்ணால் பார்த்தேன். மிக்சி வாங்கின அன்றே அக்காவின் மர உரலைக் கொல்லையில் கவிழ்த்துப் போட்ட மகராசன் இந்த அத்தான்தான். இப்போது அதே உரலுக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, பந்தல் நடுவில் நிறுத்தியிருந்தார்.

அக்கா வந்தது இதைப் பார்ப்பதற்கல்ல. அவள் மகள் முதல் பிரசவத்தில் செத்துப் பிழைத்தவள். அப்போது நேர்ந்துகொண்ட மாவிளக்கு அது. கூட்டிப்போக அத்தானுக்கு நேரமில்லை. தனியாகப் போகவும் விடமாட்டார். மகள் மறுபடி முழுகாமல் இருந்தாள், நாளும் நெருங்கிவிட்டது. நேர்ச்சையைத் தீர்க்காமல் இன்னொரு பிரசவமா என்று அக்கா தூக்கமில்லாமல் கிடந்தாள். "விழாவுக்கு வாட்டி, முடிஞ்சதும் அப்படியே கோயிலுக்குப் போயிரலாம்" என்று அத்தான் சொன்னதை நம்பி, தலைக்குக் குளித்து, பக்கத்து வீட்டு உரலில் மாவு இடித்து, பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் வந்திருந்தாள். சாமிக்கு ஏற்றும் முன்னால் அந்த மாவை நாங்கள் மோந்துகூடப் பார்ப்பதில்லை. நாங்கள் கடலில் கால் நனைத்துவிட்டு வருவதற்குள், அத்தான் முதல் ஆளாகத் தின்று ருசி பார்த்து, ஊருக்கே விளம்பிவிட்டார்.

"வெறும் மாவுதானேட்டி, கடையில வாங்குனாப் போச்சு" என்றார்.

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பி, "ஏட்டி, கடைத்தெருவுக்குப் போயி பச்சரிசியும் வெல்லமும் வாங்கியா" என்றாள். நான் வருவதற்குள் கடலில் முங்கி எழுந்திருந்தாள். அரிசியை ஊறவைத்து, துணியில் உலர்த்தினோம். பிறகு நேராகப் பந்தலுக்குள் போனாள். உரலின் மாலையைக் கழற்றி எறிந்து, கழுவி, ஈரச்சேலையோடு உலக்கையைப் பிடித்தாள். எதிரில் நான்.

கூட்டம் கூடிவிட்டது. "ஏலே, இங்கன வா, நெசமாவே இடிக்காவ!" என்று ஒருத்தன் கூப்பிட்டான். கேமராக்காரர் குனிந்து, "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார். அத்தானோ மைக்கைப் பிடித்து, "இது நம்ம சங்கத்தின் சிறப்பு நிகழ்ச்சி" என்று வெட்கமில்லாமல் அறிவித்தார். கைதட்டினார்கள். ஒருத்தி பெற்ற மகளின் உயிருக்காகப் பட்டினியோடு இடிக்கிறாள், அது அந்தக் கூட்டத்துக்கு வேடிக்கை. அன்றைக்கு அந்தப் பந்தலில் எங்களைத் தவிர வேஷம் போடாமல் நின்றது மாட்டுவண்டி மாடுகள் மட்டும்தான்.

கோயில் பிரகாரத்தில் விளக்கு நின்று எரிந்தது. திரி மலையேறினதும் அக்கா மாவை உருட்டி, இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். தன் வேஷத் தலைப்பாகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அத்தானும் வந்து கை நீட்டினார்.

"உங்களுக்குத்தான் சாமிக்கு முந்தியே படைச்சாச்சே" என்று சொல்லி, அடுத்தவருக்குக் கொடுத்தாள்.

கோயிலுக்குள் நின்று புருஷனை இப்படிச் சொல்லலாமா என்று பயந்தேன். முருகன் கோபிக்கவில்லை. மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனது.

அத்தான் இப்போது கட்டிலோடு இருக்கிறார். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், அந்தக்காலத்தையே கடற்கரைக்குக் கொண்டுவந்தவன் நான் என்று இன்னமும் அளக்கிறார். போன மாதமும் அப்படி அளந்துகொண்டிருந்தபோது அக்கா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். "திருச்செந்தூர் போயிட்டு வாரேன், சோறு மூடி வச்சிருக்கு" என்றாள். அவர் பதில் சொல்லுமுன் தனியாகவே தெருவில் இறங்கிவிட்டாள்.