குருவிக்கு விரித்த முக்காலி

அன்று காலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு நான் கெமரா முக்காலியின் மூன்றாவது காலை இழுத்து நீட்டினேன். எல்லாம் கெடத் தொடங்கியது அந்த நிமிடத்தில்தான். சிக்னல் இருக்கிறதா என்று கைபேசியை எடுத்துப் பார்த்ததால் நேரம் நினைவில் நிற்கிறது. சிக்னல் இல்லை. நேரம் மட்டும் இருந்தது.

எங்கள் வீடு பதுளை நகரத்தில். மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் கெமராவைத் தூக்கிக்கொண்டு குருவிகளின் பின்னால் போய்விடுவாள். முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ் வைத்திருக்கிறாள். அதைக் கையிலேயே ஏந்தி, கண்ணை அதில் ஒட்டிக்கொண்டு நடப்பாள். கால் எங்கே போகிறது என்பது காலின் பாடு. போன விடுமுறையில் அப்படி நடந்து, தேயிலை மலையில் மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கானுக்குள் விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள். விழும்போதும் லென்ஸைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாளாம். அதில் அவளுக்குப் பெருமை வேறு.

அதற்குப் பிறகுதான் முக்காலி வாங்கிக் கொடுத்தேன். கையில் பிடித்தால் படம் நடுங்கும், இதில் வைத்தால் நடுங்காது என்று அவளிடம் சொன்னேன். உண்மையில் நான் நினைத்தது வேறு. முக்காலி இருந்தால் பிள்ளை ஒரு இடத்தில் நிற்பாள்.

"ட்ரைபொட்ட விரிச்சு முடிக்கிறதுக்குள்ள குருவி கூடு கட்டி, குஞ்சு பொரிச்சு, அதுக்குப் பள்ளிக்கூடமும் பாத்துரும் அம்மா."

"பாக்கட்டும். நீ ஒரு இடத்துல நில்லு. எனக்கு அது போதும்."

அன்று பௌர்ணமிப் போயா விடுமுறை. எல்ல என்ற ஊருக்குப் போகும் பாதையிலிருந்து மேலே ஏறும் ஒரு தோட்டத்து ரோட்டில், ஒரு சின்னப் பாலத்தின் அருகே ஆட்டோ எங்களை இறக்கிவிட்டுப் போனது. ஒன்பது மணிக்குத் திரும்பி வருவதாக ஏற்பாடு. பாலத்துக்குக் கீழே வேலிக்கட்டை ஒன்றில் ஒரு புதர்ச்சிட்டு. உடம்பெல்லாம் கறுப்பு, இறக்கையில் மட்டும் சுண்ணாம்பு பட்டதுபோல் ஒரு வெள்ளை. அது வேலிக்கட்டையை விட்டால் வேறெங்கும் உட்காராது, ஆகவே முக்காலிக்கென்றே பிறந்த குருவி என்று நான் வாதாடியிருந்தேன்.

சரிவில் மூன்று கால்களும் மூன்று நீளத்தில் நிற்க வேண்டும். தலைப்பக்கத்தில் ஒரு மட்டக்குமிழ் இருக்கிறது. அதிலுள்ள நீர்க்குமிழி நடுவுக்கு வரும்வரை நான் குனிந்து பாடுபட்டேன். நிமிர்ந்தபோது குருவி அடுத்த கட்டைக்குப் போயிருந்தது. பிறகு அதற்கடுத்த கட்டைக்கு. மகள் கெமராவை முக்காலியிலிருந்து கழற்றிக் கையில் எடுத்தாள்.

"ரெண்டு நிமிஷம் அம்மா."

"நான் இந்தப் பாலத்துலயே நிப்பேன். வழி தெரியாட்டி நீ நின்ன எடத்துலயே நில்லு!"

சின்ன வயதிலிருந்து நான் சொல்லிக்கொடுத்த விதி அது. பனிமூட்டம் அவளையும் குருவியையும் சேர்த்து மூடிக்கொண்டது. நானும் கெமரா இல்லாத முக்காலியும் மிஞ்சினோம்.

முதலில் வந்தவர் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கமிருந்து பல் துலக்கியபடி இறங்கிய ஒரு பெரியவர். முக்காலியைப் பார்த்தார். வாயிலிருந்து பிரஷை எடுத்தார்.

"வந்துட்டீங்களா?"

"நாங்க குருவி படம் எடுக்க வந்தோங்க."

"ஆமாங்க, ஆமாங்க." பக்கத்தில் யாருமில்லாதபோதும் குரலைத் தாழ்த்தினார். "போயா நாளாப் பாத்து அளக்க வந்திருக்கீங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தோட்டத்தில் ரோட்டோரமாக மூன்று கால் வைத்த சாமானை விரித்தால் அது சர்வேதான். வீடு கட்டக் காணி தருவதாக ஒவ்வொரு தேர்தலுக்கும் சொல்கிறார்கள், அளக்கத்தான் யாரும் வருவதில்லை. நானும் லயத்தில் பிறந்தவள். எனக்கு இது முன்கூட்டியே தோன்றியிருக்க வேண்டும்.

பெரியவர் வாய் திறக்காமல் என்ன செய்தாரோ, பத்து நிமிடத்தில் முப்பது பேர் வந்துவிட்டார்கள். இளவயதில் சர்வேயர்களுக்குச் சங்கிலி பிடித்தவராம் அவர். அந்த அனுபவத்தோடு முக்காலியைச் சுற்றி வந்து அடியில் குனிந்தார்.

"இந்தா, தூக்குக்குண்டு மாட்டுற கொக்கி. மேல மட்டக்குமிழ். குருவிக்கு எதுக்குங்க தூக்குக்குண்டு?"

காற்றில் ஆடாமலிருக்கப் பையைத் தொங்கவிடும் கொக்கி அது என்றேன். ஒருவர் சிரித்தார்.

"போன தடவ வந்த தொரமாரும் சும்மா காத்து வாங்க வந்தோம்னுதான் சொன்னாங்க. அப்புறம் பாத்தா மலையில பாதிக்குக் கம்பி வேலி!"

அதன்பின் நான் மறுக்க மறுக்க அவர்களுக்கு உறுதி கூடியது. பாலத்தில் வைத்து அளந்தால் கணக்குப் பிழைக்கும், எல்லைக்கல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றார் பெரியவர். இரண்டு பேர் முக்காலியைச் சாமி தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வளைவைத் தாண்டி மேலே நடந்தார்கள். என் சாமான் போகிறதே என்று நானும் பின்னால் ஓடினேன். நாற்பது அடி இருக்கும். அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

கல்லுக்கு மேலே முக்காலி நின்றது. பெரியவர் ஒரு கூழாங்கல்லை நூலில் கட்டிக் கொக்கியில் தொங்கவிட்டார். அது கல்லின் நடுவைத் தொட்டதும் கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது.

ஏழரை மணியாகியும் மகள் வரவில்லை.

"என் மகளக் காணோம். அந்தப் பக்கம் போனா, இன்னும் வரல" என்றேன்.

"கோல் பிடிக்கப் போயிருக்காங்க. நீங்க இங்க நிக்கணும், அவங்க அங்க நிக்கணும். அதுதானுங்களே அளவு?" என்றார் பெரியவர்.

"அந்தப் பக்கமா?" என்றார் ஒரு பெண். "போன கிழம அங்கதான் எங்க நாயக் கொண்டு போச்சு."

"எது?"

"புலிதாங்க."

இங்கே சிறுத்தையைத்தான் அப்படிச் சொல்வார்கள். தெரிந்திருந்தும் எனக்குக் கோடு போட்ட புலியே கண்முன் வந்தது. தாங்கிக்கொள்ள முக்காலியைப் பிடித்தேன். "அசைச்சுறாதீங்க!" என்று முப்பது பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

ஓடிப்போய்த் தேடியிருக்கலாம். ஆனால் நான் போன பிறகு அவள் திரும்பி வந்தால்? தொலைந்தால் நின்ற இடத்தில் நில் என்ற என் விதி என்னையே பிடித்துக்கொண்டது. பெயர் சொல்லிக் கத்தினேன். உதவி செய்ய அவர்களும் கத்தினார்கள். ஆனால் அவர்கள் கத்தியது, "சர்வே மிஸ்! ஓ, சர்வே மிஸ்!" என்று. அந்தச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

இதற்கிடையில் எங்களைச் சுற்றி ஒரு புது ஊர் உருவாகிக்கொண்டிருந்தது. ஒருவர் தன் தோட்டத்து வேலியைப் பிடுங்கி, எல்லோரும் பார்க்கவே இரண்டடி முன்னால் நட்டார். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு ஆட்டைக் கொண்டுவந்து வெற்றுத் தரையில் கட்டை அடித்துக் கட்டினார்.

"ஆட்டையும் அளப்பாங்களாக்கும்!" என்றார் வேலியை நட்டவர்.

"ஒன் கோழிக்கூட்ட அளக்குறப்ப என் ஆட்டுக்கு என்ன கொறச்சல்?"

நாயை இழந்த பெண் எனக்குச் சாயத்தண்ணி கொண்டுவந்தார். குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"மேடம், எங்க லயத்துக்கும் கெடைக்கும்தானே?"

"அக்கா, சத்தியமா நான் குருவிக்கு வந்தவ."

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "சொல்லக் கூடாதுன்னா சொல்லாதீங்க."

அழுதுகொண்டே அந்தத் தேநீரைக் குடித்தேன். மகளுக்காக அழுதேனா, அந்த அக்காவின் நம்பிக்கைக்காக அழுதேனா என்று இப்போதும் தெரியவில்லை.

எட்டேகாலுக்குப் பனி கலைந்தது. ஆட்டின் கட்டைமேல் அந்தப் புதர்ச்சிட்டு வந்து உட்கார்ந்து வாலை ஆட்டியது. முக்காலிக்கு எதிரே, பத்தடி தூரத்தில், அசையாமல். அதைப் படமெடுக்கக் கெமரா இல்லை.

பின்னால், கீழ் ரோட்டிலிருந்து யாரோ மூச்சிரைக்க ஓடி வரும் சத்தம். கூட்டம் வழிவிட்டது.

முழங்கால்வரை சேறு, முகத்தில் இரத்தமே இல்லை, மார்போடு அணைத்த கெமரா. ஏழரை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் பாலத்துக்குத் திரும்பியிருக்கிறாள். அங்கே நானுமில்லை, முக்காலியுமில்லை. வளைவுக்கு மேலே யாரோ சர்வேக்காரர்களைக் கூப்பிடும் சத்தம் கேட்டிருக்கிறது. அது தன் காரியமில்லை என்று மெயின் ரோடுவரை இறங்கி என்னைத் தேடியிருக்கிறாள்.

என் மகள் முப்பது பேரையும் ஆட்டையும் தொங்கும் கூழாங்கல்லையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, அழுகையும் கோபமுமாகச் சொன்னாள்:

"ஒரு எடத்துல நிக்க மாட்டீங்களா அம்மா நீங்க?"