கட்டிய கையில் சிக்னல் இல்லை

சாமிதுரையைப் பத்திச் சொல்லணும்னா நான் செஞ்ச காரியத்தையும் சொல்லணும். சொல்லவே கூசுது. ஆனா அதை விட்டுட்டுச் சொன்னா அது பொய்.

அரியலூர் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்துல இருபத்திரண்டு வருஷமா கொடி காட்டுறவர் அவர். டிப்பர் லாரி ரிவர்ஸ்ல பின்னால வரும்போது பள்ளத்து ஓரத்துல நின்னு பச்சையும் சிவப்பும் காட்டணும். டிரைவருக்குப் பின்னாடி ஒண்ணும் தெரியாது, சாமிதுரையை நம்பித்தான் வருவான். சாயங்காலத்துக்குள்ள புருவம் மீசையெல்லாம் வெள்ளைத் தூசு படிஞ்சிரும். லாரிக்கெல்லாம் பேரு வச்சிருப்பாரு. எந்நேரமும் கத்துற ஒரு லாரிக்கு அவர் மாமியார் பேரு, ஆண்டாயி. அவர் கொடியில ஒரு வண்டிகூட கவுந்ததில்ல.

நான் கலைச்செல்வன், குன்னத்துக்காரன், எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. போன வருஷம் எங்க சின்ன கம்பெனி அந்தச் சுரங்கத்துக்குக் கைப்பட்டை செஞ்சு குடுத்துச்சு. வாட்ச் மாதிரி மணிக்கட்டுல கட்டிக்கணும். உள்ள இருக்கிற குட்டி ரேடியோ விடாம சிக்னல் அனுப்பும், ஆளு கிட்ட இருந்தா லாரிக்குள்ள மணி அடிக்கும். கொக்கியைக் கழட்டினா ரேடியோ நின்னுரும். அஞ்சு நிமிஷம் சிக்னல் இல்லன்னா ஆபீஸ் கம்ப்யூட்டர்ல சிவப்பு விழும். பட்டையைக் கழட்டிட்டாருன்னு அர்த்தம். மூணு சிவப்பு விழுந்தா வேலை போயிரும்.

கொக்கியை மாட்டி மேசை மேல வச்சு சோதிச்சேன், கம்பத்துல தொங்கவிட்டு சோதிச்சேன். ஒரு ஆளு கையில கட்டி ஒரு நாள் பூரா பார்த்திருக்கணும். அந்த வெயில்ல எவன் நிப்பான்னு விட்டுட்டேன்.

ஒரே வாரத்துல சாமிதுரைக்கு மூணு சிவப்பு. எந்த நேரம் விழுந்துச்சுன்னுகூடப் பார்க்காம நேரா சுரங்கத்துக்குப் போயி இருபது பேர் முன்னாடி கேட்டேன். "யோவ், பட்டையைக் கழட்டி வச்சிட்டு எங்கய்யா போய்ப் படுத்த?"

"கழட்டலைங்க சார்."

"அப்ப மிஷின் பொய் சொல்லுதா?"

கொடி ரெண்டையும் கக்கத்துல இடுக்கி, கையைக் கட்டிக்கிட்டு, தலையைக் குனிஞ்சு நின்னாரு. என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். அப்படி நின்னது எனக்கு உள்ளுக்குள்ள நல்லா இருந்துச்சு, மறைக்க மாட்டேன். பத்து நிமிஷம் நிக்க வச்சுப் பேசினேன். கழட்டினாருன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மறுநாள்லேர்ந்து அவருக்கு வேலை இல்ல.

பெரம்பலூர்ல நர்சிங் படிக்கிற அவர் மக சுகன்யா போன் பண்ணுச்சு. "சார், எங்கப்பா குளிக்கும்போதுகூட அதைக் கழட்ட மாட்டாருங்க, வேலை போயிருமோன்னு பயம்." கம்ப்யூட்டர் சொல்றதைத்தாம்மா நான் எழுதினேன்னு சொல்லி போனை வச்சிட்டேன்.

பத்து நாள் கழிச்சு பேட்டரி விஷயமா பழைய பதிவைப் புரட்டினேன். சாமிதுரை பேர்ல மூணு இல்ல, நாலு சிவப்பு. நாலாவது, நான் அவரைத் திட்டிக்கிட்டிருந்த நேரம். அப்ப பட்டை அவர் கையிலதான் இருந்துச்சு. இருபது பேர் பார்த்தாங்க, நானும் பார்த்தேன். மத்த மூணையும் பார்த்தேன். மூணும் நான் மேஸ்திரியோட உள்ள போயி அவர் பக்கத்துல நின்னு பேசின நேரம்.

ஒரு பட்டையை என் மணிக்கட்டுல கட்டி, அவரை மாதிரியே கையைக் கட்டி நின்னேன். மணிக்கட்டு கக்கத்துக்குள்ள போச்சு, சிக்னல் செத்துப் போச்சு. மனுஷ உடம்புல பெரும்பகுதி தண்ணி, அந்தச் சின்ன அலை அதைத் தாண்டி வராது. முதல் வருஷமே படிச்ச பாடம்.

எங்கப்பா இராமலிங்கம் இன்னொருத்தர் பருத்திக்காட்டு வரப்புல, முதலாளி முன்னாடி அப்படித்தான் கையைக் கட்டி நிப்பாரு. நான் எவன் முன்னாடியும் அப்படி நிக்கக்கூடாதுன்னுதான் படிச்சேன். நிக்கல. ஆனா இன்னொருத்தரை நிக்க வச்சேன்.

மேனேஜர்கிட்ட எல்லாத்தையும் சொல்லி அவரைத் திரும்ப வரவழைச்சேன். அதே இருபது பேர் முன்னாடி, "அண்ணே, தப்பு என்னோடது, நீங்க கழட்டல, மன்னிச்சிருங்க"ன்னேன். என்ன செய்யறதுன்னு தெரியாம அவர் மறுபடியும் கையைக் கட்டிக்கிட்டாரு.

"கையைக் கீழ விடுங்கண்ணே."

"பரவால்லைங்க சார், பழக்கம்."

இப்ப ரேடியோவை ஹெல்மெட் உச்சிக்கு மாத்திட்டோம். யாரு எப்படி நின்னாலும் சிக்னல் அறுந்து போறதில்ல. கம்பெனியில என்னைப் பாராட்டினாங்க. நான் சுரங்கத்துக்குள்ள போனா சாமிதுரை இன்னும் கையைக் கட்டிக்கிட்டுத்தான் நிக்கிறாரு. கம்ப்யூட்டர்ல பச்சையாவே இருக்கு. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியல.