தடை விழுந்த விளையாட்டும் என் மகன் குரலும்

எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மலைக்கோட்டைப் பாறை முழுசாகத் தெரியும். சாயங்காலம் அது முதலில் செம்மண் நிறமாகும், பிறகு வேகவைத்த கிழங்கு நிறமாகும், அப்புறம் வானத்தோடு கரைந்துவிடும். ஊரடங்கு போட்ட வருஷத்தில் அது கரைகிற நேரத்துக்காகத்தான் நான் பகல் முழுக்கக் காத்திருப்பேன். அந்த நேரத்தில்தான் என் மகள் மாடியில் கிடக்கும் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து போனில் விளையாட ஆரம்பிப்பாள். போனுக்குள்ளிருந்து என் மகன் பேசுவான்.

மகன் வளைகுடாவில் பெரிய கட்டடங்களுக்கு ஏசி மாட்டுகிற வேலையில் இருந்தான். லீவுக்கு ஊர் வரவேண்டிய நேரத்தில் விமானமெல்லாம் நின்றுபோய், அங்கேயே மாட்டிக்கொண்டான். வெள்ளிக்கிழமை தோறும் எனக்குப் போன் பண்ணுவான்.

"சாப்டியாப்பு?"

"சாப்டேம்மா."

"ஒடம்பு எப்டி இருக்கு?"

"நல்லாருக்கும்மா."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. அப்பாவக் கேட்டேன்னு சொல்லு."

அம்புட்டுத்தான். சின்னதிலிருந்தே அவன் அப்படி. பள்ளிக்கூடத்தில் விழுந்து முழங்கால் கிழிந்து வந்தாலும், காலைக் கழுவிவிட்டுப் பேசாமல் சாப்பிட உட்கார்ந்துவிடுவான். கடல் தாண்டிப் போன பிறகு அந்த நாலு வார்த்தையும் தேய்ந்துபோயிற்று. போனை வைத்த பிறகு, அவன் நிஜமாகவே நல்லாயிருக்கிறானா என்று மாதா படத்துக்கு முன்னால் நின்று கேட்பேன்.

ஆனால் அங்கிருந்தும் இங்கிருந்தும் பேசிக்கொண்டே ஆடுகிற அந்தத் துப்பாக்கி விளையாட்டுக்குள் தங்கச்சியோடு போய்விட்டால் அவன் வேறு ஆள். "ஏ பாப்பா, பாலத்துக்கு வராத! அங்கன ஒருத்தன் படுத்துக் கெடக்கான். செவத்த ஒட்டியே வா. நா இருக்கேன்ல, ஓடியா!" என்று கத்துவான், சிரிப்பான். அவனுக்கு அப்படியொரு சிரிப்பு இருக்கிறதே எனக்கு அப்போதுதான் தெரியும். மகளுக்குக் காதில் மாட்டுகிற வயர் ஒரு பக்கம் கெட்டுப்போயிருந்ததால், சத்தத்தை வெளியே விட்டுத்தான் விளையாடுவாள். கடைகள் திறந்த பிறகும் அவள் புதுசு வாங்கவில்லை. அரைக்கீரையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கட்டை எம்புட்டு நேரம் ஆய்கிறேன் என்பதை அவள் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்.

திரையை நான் பார்த்ததில்லை. ஓடுகிற படத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். காதால் கேட்டே அந்த ஊரைக் கட்டிக்கொண்டேன். கன்னிவாடி போகிற ரோட்டில் மலை கிட்டே வர வர ஒரு ஊதா நிறம் இறங்குமே, அந்த மலையை எடுத்து அங்கே வைத்தேன். ஆற்றுக்கு மேலே ஒரு பாலம். இடுப்பளவு புல். கதவு திறந்து கிடக்கும் வீடுகள், உள்ளே ஒரு குஞ்சு குளுவான் இல்லை. விமான நிலையத்துக்குப் போன அன்றைக்குப் போட்டிருந்த நீலச் சட்டையோடு என் மகன் அதில் நடந்துபோவான். துப்பாக்கியை மட்டும் நான் அவன் கையில் கொடுக்கவில்லை.

இந்த விளையாட்டை அரசாங்கம் தடை பண்ணிவிட்டது என்ற சேதியை என் வீட்டுக்காரர்தான் கொண்டுவந்தார். எங்களுக்குப் பலசரக்குக் கடை. கடையை அடைத்துவிட்டு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"ஏத்தா, ஒம் மக வெளையாட்டுக்கு டெல்லியில பூட்டுப் போட்டாச்சு. நாட்டுக்கே ஆபத்தாம்ல."

"நம்ம ஊருப் பூட்டாப்பா?" என்றாள் மகள். எங்கள் ஊர் பூட்டுக்குப் பேர்போனது. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், முகம் செத்துப்போயிருந்தது. அப்புறம் என்னிடம் வந்து, "ஏற்கெனவே போன்ல வச்சிருக்கவங்களுக்கு இன்னுங் கொஞ்ச நாளு ஓடுமாம்மா. எப்ப நிக்கும்னு யாருக்கும் தெரியல" என்றாள்.

மறுநாள் மார்க்கெட்டுக்குப் போனேன். டவுன் பஸ்ஸில் இதே பேச்சு.

"இனிமேலாச்சும் பயலுக வேலைக்குப் போவானுகய்யா" என்றார் கண்டக்டர்.

"வேல எங்கண்ணே இருக்கு, போறதுக்கு?" என்றான் பின்சீட்டில் ஒரு வாலிபன். மாஸ்க் தாடையில் தொங்கியது. "ரெண்டு வருசமா சேத்த சட்ட, தொப்பி, வண்டி அம்புட்டும் உள்ளயே போச்சு."

முருங்கைக்காய்க் கட்டோடு நின்ற அம்மா விசாரித்தார். "எந்தக் கடையிலய்யா போச்சு? போய்க் கேட்டு வாங்கிட்டு வா."

"கடையில இல்லாத்தா. போனுக்குள்ள."

"போனுக்குள்ள சட்டையப் போட்டுட்டு இங்க இந்தக் கிழிஞ்ச பனியனோட திரியிறியாக்கும்!"

பஸ்ஸே சிரித்தது. அந்த வாலிபனும் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நானும் அந்தப் பக்கமே பார்த்தேன். எல்லாருக்கும் நல்லது நடந்த மாதிரி ஊர் கலகலப்பாக இருந்தது. பிரியாணிக் கடை வாசலில் ஒருவர், "தலையத் தூக்கிச் சாப்பிடுற பயலையே இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும், நடந்து போய்க்கொண்டிருக்கும்போதே ஒரு ரோடு காலடியில் மெல்ல மறைகிற மாதிரி இருந்தது.

எங்கள் தெருவில் கத்தோலிக்கக் குடும்பங்களெல்லாம் சேர்ந்து ஒரு அன்பியம். வாரம் ஒரு வீட்டுக்கு மாதா சுரூபம், ஒரு சின்னச் சிலை, வரும். அன்று சாயங்காலம் எல்லாரும் அந்த வீட்டில் கூடி ஜெபமாலை சொல்லுவோம். மாதா வந்திருக்கும் வீட்டு அம்மாதான் மன்றாட்டுகளைச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மற்றவர்கள் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்ல வேண்டும். ஊரடங்கில் நின்றிருந்தது, அப்போதுதான் மொட்டை மாடிகளில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து மறுபடி தொடங்கியிருந்தோம். தொடங்கினதிலிருந்து எல்லா வீட்டிலும் இந்த விளையாட்டு ஒழிய வேண்டும் என்று ஒரு மன்றாட்டு உண்டு. அன்பியத் தலைவி அக்காவின் பேரன் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சுட்டுக்கொண்டிருப்பானாம். அக்கா அழுதேவிட்டார். அவர் துக்கமும் நியாயம்தான். நான் அந்த மன்றாட்டு வரும்போது மட்டும் வாயைத் திறக்காமல் மணியை உருட்டிக்கொண்டிருப்பேன்.

தடை வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயில் வாசலில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தியா, நம்ம மன்றாட்டு டெல்லி வரைக்கும் கேட்டுருச்சு! இந்த வாரம் மாதா ஒங்க வீட்டுக்குத்தான வாரா? நன்றிய நல்லா வாய் நெறையச் சொல்லிப்புடு."

"சரிக்கா" என்றேன்.

அந்த வாரம் முழுக்க, மகள் விளையாட்டைத் திறக்கும்போது நான் பக்கத்தில் போய் நிற்பேன். திரையில் ஏதோ சுற்றிக்கொண்டே இருக்குமாம். "தொறந்துருச்சா?" "இரும்மா." "இப்ப?" "தொறந்துருச்சு." அண்ணன் குரல் வந்துவிடும். நான் கீரையை எடுத்துக்கொண்டு உட்காருவேன்.

மாதா எங்கள் வீட்டுக்கு வந்த சாயங்காலம், மாடியில் கோலம் போட்டு, ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தேன். கனகாம்பரச் சரம் சாத்தினோம். பாறை கிழங்கு நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. மெழுகுவர்த்திச் சுடர் காற்றில் படுத்துப் படுத்து எழுந்தது. ஜெபமாலை முடிந்து நான் எழுந்து நின்றேன்.

திருச்சபைக்காக மன்றாடினேன். நோயாளிகளுக்காக மன்றாடினேன். எல்லாரும் பதில் சொன்னார்கள். அடுத்தது நன்றி. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மாதா முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய்யாக நன்றி சொல்ல எனக்கு வரவில்லை. அவளும் திருவிழாவில் காணாமல்போன மகனைத் தேடி வழியெல்லாம் நடந்தவள்தானே.

"ஆண்டவரே," என்றேன், "நிப்பாட்டப்போற அந்த விளையாட்டு, எம் மகன் ஊர் வந்து சேருற வரைக்குமாவது எங்க வீட்டுல ஓடணும்னு உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!" என்றது மாடி முழுவதும். அக்கா குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது. வாய்ப்பழக்கம். 'மன்றாடுகிறோம்' என்று முடிந்தால் எங்களுக்குப் பதில் தானாக வந்துவிடும்.

கடைசி வரிசையில் யாரோ குபுக்கென்று சிரித்தார்கள்.

"ஏ, இந்தா! என்னத்தக் கேட்ட நீ?" என்றார் அக்கா. "நாங்களும்ல சேந்து கேட்டுப்புட்டோம்! இப்ப ஆண்டவரு யாரு பக்கம் நிப்பாரு?"

"அக்கா, எம் மகன் எங்கிட்டப் பேச மாட்டான். அதுக்குள்ளதான் பேசுறான்" என்றேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

மகள் எழுந்து போனை எடுத்து வந்தாள். அண்ணன் காத்திருக்கிற நேரம்தான். மாதாவுக்குப் பின்னால், துவைக்கிற கல்லில் உட்கார்ந்து திறந்தாள். "எங்க போன பாப்பா இம்புட்டு நேரம்? நா ஒத்தையில வயக்காட்டுல நிக்கிறேன்" என்றது என் மகன் குரல். இருட்டிக்கொண்டு வந்தது. பாறை கரைந்துவிட்டது. பெண்களெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ வானொலியில் நேரடிப் பூசை கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். "வண்டிச் சத்தம் கேக்குது, படுத்துக்க, படுத்துக்க" என்று அவன் கிசுகிசுத்தபோது, அக்கா தன்னையறியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

போகும்போது என் தோளைத் தட்டினார். "எம் பேரன் திங்கணும், ஒம் மகன் பேசணும். நம்மளுக்கு வேற என்னத்த வேணும்? ரெண்டையும் கேப்போம். அவருக்கு முடியாததா?"

அதற்குப் பிறகும் சில வாரம் அது ஓடியது. அதுவே எங்களுக்காகத்தான் என்று இன்றும் நம்புகிறேன். மழைக்காலம் தொடங்கின ஒரு சாயங்காலம் அது சுற்றிக்கொண்டே இருந்தது. மகள் நிறுத்தித் திறந்தாள். மறுபடி நிறுத்தித் திறந்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள். நான் "தொறந்துருச்சா" என்று கேட்கவில்லை. மகனுக்கு விமானம் இன்னும் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. சாப்பிட்டேன் என்றான், நல்லாயிருக்கேன் என்றான். வேற ஒண்ணும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தபோது நான் குறுக்கே கேட்டேன்.

"அப்பு, அந்த வெளையாட்டு அங்கயும் நின்னுருச்சா?"

"இல்லம்மா. இங்க தடையெல்லாம் இல்ல. ஓடுது."

"நீ அங்க போறியா?"

"ஒரு தடவ போனேன். பாப்பா இல்லாம என்னத்த?"

"இப்பப் போறியா? போய் எங்கிட்டச் சொல்லு. நா கேட்டுக்கிட்டே வாரேன்."

"ஒனக்கு அது புரியாதும்மா."

"பாலம் எனக்குத் தெரியும். வயக்காடு தெரியும். போ."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பேதான், இந்தத் தடவை எனக்கென்று வந்தது. விளையாட, பக்கத்தில் படுத்திருந்தவரிடம் அவன் இன்னொரு போனைக் கேட்டு வாங்குகிற சத்தம் கேட்டது. பிறகு, "அதுக்குள்ள எறங்கிட்டேம்மா" என்றான். நான் மாடிக்கு ஏறி வந்துவிட்டேன். தூறல் விட்டு ஈரமாக இருந்தது.

"எங்க நிக்கிற?"

"புல்லுக்குள்ள."

"யாரையும் சுட்றாதப்பா."

"நாஞ் சுடலேன்னா அவன் சுட்ருவாம்மா."

"அப்ப ஒரு வீட்டுக்குள்ள போயிரு. கதவு தொறந்துதான கெடக்கும்?"

"ஒனக்கு எப்டித் தெரியும்?" என்றான். பிறகு காலடிச் சத்தம். "போயிட்டேன். யாரும் இல்ல."

"செத்த நேரம் உக்காரு."

உட்கார்ந்தான். தூரத்தில் எங்கோ பட்பட்டென்று சத்தம், அவன் பக்கம். என் பக்கம் ரயில் ஒன்று கூவிக்கொண்டு ஜங்ஷனுக்குள் வந்தது. நான் அந்த வீட்டின் தரையில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தேன்.

"அம்மா," என்றான் அவனாகவே. "நடுவுல எனக்குக் காய்ச்சல் வந்துச்சு. ரூம்ல எல்லாரையும் வேற எடத்துக்கு மாத்திட்டாங்க. தனியாத்தான் கெடந்தேன். அப்ப பாப்பாகூட வெளையாடுறப்ப மட்டுந்தான் நம்ம வீட்டுச் சத்தம் கேக்கும். நீ பாப்பாவக் கீழ எறங்கலாம் வான்னு கூப்பிடுறது, கொழா தண்ணி விழுகுறது, எல்லாங் கேக்கும்."

ஈரத் தரை என்றும் பாராமல் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"சொல்லுப்பு," என்றேன். "சத்தம் போடாம மெல்லச் சொல்லு. வெளிய ஆளு இருக்கும்."

அவன் மெல்ல, ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினான்.