கன்னத்துக்கு வந்த மார்புத் தோல்

1991 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை, காலை 8 மணி 20 நிமிடம். விடியற்காலையில் கொட்டிய மழை அடங்கித் தூறலாகியிருந்தது. அந்த நிமிடத்தில்தான் என் மனைவியின் தம்பியை அரசு மருத்துவமனையின் அறுவை அரங்குக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். மேனாம்பேட்டில் எங்கள் அடுத்த தெருக்காரன், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன், வயது நாற்பத்தொன்று. இடது கன்னத்தின் உட்புறத்தில் புற்று. இருபது வருடம் புகையிலையை ஒதுக்கி வைத்த அதே இடம்.

முந்தின நாள் பெரிய டாக்டர் எங்களிடம் விளக்கியிருந்தார். கன்னத்தின் உட்சுவரையும் கழுத்துக் கட்டிகளையும் எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தை இடது மார்பின் தோலும் சதையும் கொண்டு மூடுவார்களாம். அதைத் தனியே துண்டித்து எடுப்பதில்லை. ரத்தக்குழாய் அறாமல், கழுத்துத் தோலுக்கு அடியில் நுழைத்து வாய்க்குள் கொண்டுபோய்த் தைப்பார்களாம். கொடியின் வேரை நம் வீட்டில் விட்டு நுனியை மட்டும் பக்கத்து வீட்டுச் சுவரில் கட்டுகிற மாதிரி. நான் நம்பவில்லை. இரண்டு முறை திருப்பிக் கேட்டேன்.

"ரத்தம் ஓடுச்சுன்னா ஒட்டிக்கும், வாயால சாப்பிடுவாரு. ஓடலைன்னா கருத்துப் போயிடும். முதல் அஞ்சு நாள் பார்க்கணும்" என்றார்.

வெளியே வந்ததும் மச்சான் சிரித்தான். "மாமா, இனிமே நெஞ்சுல கீறது அப்டியே வாய்ல வந்துடும்னு சொல்லு."

"உனக்கு எப்பவும் அப்டித்தானடா" என்றாள் அக்காக்காரியான என் மனைவி.

மறுநாள் அறுவை முடிந்து மாலை 4 மணி 5 நிமிடத்துக்கு அரங்கிலிருந்து வெளியே வந்தான். மூச்சுக்குக் கழுத்தில் ஒரு குழாய், கஞ்சிக்கு மூக்கில் ஒரு குழாய், நீர் வடிய மூன்று. ஆக ஐந்து. பேச முடியாது. நர்சம்மா மணிக்கொரு தரம் டார்ச் அடித்து வாய்க்குள் நிறம் பார்த்தார். எனக்கு அது போதவில்லை. நானும் ஒரு டார்ச் வாங்கி வந்து, அவர் பார்க்கும்போதெல்லாம் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். முதல் இரண்டு நாளும் வீக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை 6 மணி 10 நிமிடம். வீக்கம் சற்று வடிந்திருந்தது. வெளிறிய தோலின் நடுவே கருநீலமாக ஒரு கோடு, ஒரு அங்குல நீளம், நுனியில் வளைந்து. டாக்டர் சொன்ன கருப்பு இதுதான் என்று நினைத்தேன். நர்சம்மாவும் கண்ணைச் சுருக்கினார். இரவுப் பணி முடிகிற நேரத்தில் இருந்த சின்ன டாக்டரை இழுத்து வந்தேன். அவர் முகமும் மாறிப்போயிற்று. பெரிய டாக்டருக்கு ஆள் அனுப்பிவிட்டு, ஊசியால் கோட்டுக்குப் பக்கத்தில் குத்தினார். நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு. மூன்றுக்குச் சிவப்பாக ஒரு சொட்டு வந்தது. கோட்டின் மேலேயே குத்தினார். அதிலும் சிவப்பு.

"உயிரோடதான் இருக்கு சார். அப்புறம் ஏன் நீலமா இருக்குன்னு தெரியல" என்றார்.

கஞ்சித் தூக்கோடு வந்த என் மனைவி எங்கள் இருவரையும் விலக்கிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இன்னாங்க இது. இது அவன் தேளோட வாலு."

மச்சானின் இடது மார்பில் ஒரு தேள் உண்டு. பூந்தமல்லித் திருவிழாவில் பதினேழு வயதில் குத்திக்கொண்ட பச்சை. சட்டையில்லாமல் எத்தனையோ முறை அவனைப் பார்த்தவன் நான். அந்தத் தோல்தான் இந்தத் தோல் என்று மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

"தேள் குத்திக்கினு வந்தப்ப எங்கப்பா தோலை உரிச்சிடுவேன்னாரு. கடைசில டாக்டரு உரிச்சிட்டாரு" என்றாள்.

படுக்கையில் மச்சான் ஆள்காட்டி விரலைக் கொடுக்குபோல் வளைத்து என் பக்கம் ஆட்டினான். தோள் குலுங்கியது. நர்சம்மா, "ஐயா, சிரிக்காதீங்க, தையல் பிரியும்" என்று அதட்டினார்.

பெரிய டாக்டர் வந்து பார்த்துத் தலையசைத்தார். "தெரிஞ்சுதான் எடுத்தோம். வால் மட்டும்தான் இங்க வந்துச்சு. மீதித் தேள் மார்லயே இருக்கு."

எல்லாரும் போன பிறகும் நான் நின்றுகொண்டிருந்தேன். உடல் மார்பில், கொடுக்கு வாயில். நடுவே ஒன்றரைச் சாண் தூரம். பழைய இடத்து ரத்தம் தோலுக்கடியில் அவ்வளவு தூரம் ஏறி வந்து அந்தக் கொடுக்கை வாழவைத்துக்கொண்டிருந்தது. கோயிலில்கூட நான் அப்படிக் கைகூப்பி நின்றதில்லை.

இருபத்தோராம் நாள், குழாய்கள் எல்லாம் எடுத்தபின், கரையான்சாவடி ஓட்டல் ஒன்றில் இரண்டு இட்லி வாங்கிக் கொடுத்தேன். பிட்டுப் பிட்டு முப்பத்தைந்து நிமிடம் தின்றான்.

"எப்படிடா இருக்கு?"

"வலது பக்கம் இட்லி மாமா. இந்தப் பக்கம் மாருக்கு ஊட்டுற மாதிரி கீது. ஒண்ணும் தெரில. இன்னும் ரெண்டு சொல்லு."

சொன்னேன். அறுவைக்கு மருத்துவமனை காசு வாங்கவில்லை. ரயில், ஆட்டோ, வெளியே வாங்கிய மருந்து, டார்ச், அந்த நான்கு இட்லி எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது 1,346 ரூபாய் 75 காசு.